ஐந்நூறு இடம், மூவாயிரம் பிள்ளைகள்: சேர்க்கை நியாயமா என்று பார்ப்பது எப்படி?

கையில் இருக்கும் போனிலேயே இன்று விண்ணப்பம் போடுகிறோம், ஹால் டிக்கெட் எடுக்கிறோம், ரேங்க் பட்டியலையும் பார்க்கிறோம். பட்டியலில் நம் பிள்ளையின் பெயர் இல்லையென்றால் மனதில் வரும் முதல் கேள்வி, "இது நியாயமா நடந்துச்சா?" என்பதுதான். கேள்வி சரி. ஆனால் 'நியாயம்' என்று எதைச் சொல்கிறோம்? அதை அளக்க ஏதாவது வழி உண்டா?

இந்த இதழின் பாடம் அதைப் பற்றித்தான். இதற்காக அமெரிக்காவின் அரசுப் பள்ளிகளில் நடந்த ஒரு நீண்ட விவாதத்தை எடுத்துக்கொள்கிறோம். அங்கே 'மேக்னட் பள்ளி' என்று ஒரு வகை உண்டு. கட்டணம் கிடையாது, அரசுப் பணத்தில் நடப்பது. அறிவியல், கணிதம், கலை என்று ஏதாவது ஒரு துறையில் சிறப்புப் பாடத்திட்டம் இருக்கும். இடம் குறைவு, கேட்பவர்கள் அதிகம். யாருக்கு இடம் கொடுப்பது என்பதில் ஒவ்வொரு ஊரும் ஒரு வழியைத் தேர்ந்தெடுத்தது. ஒவ்வொரு வழியும் யாரோ ஒருவருக்கு வலித்தது.

பாடத்தின் கடைசியில் சின்னப் பயிற்சி ஒன்று இருக்கிறது. பேப்பர், பேனா பக்கத்தில் இருந்தால் நல்லது.

1. 'மேக்னட்' என்ற பெயர் எப்படி வந்தது?

மேக்னட் என்றால் காந்தம். பிள்ளைகளை இழுக்கும் பள்ளி என்று பொருள்.

1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கறுப்பினப் பிள்ளைகளுக்கும் வெள்ளையினப் பிள்ளைகளுக்கும் தனித்தனி அரசுப் பள்ளி வைத்திருப்பது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தாலும் நடைமுறை மாறவில்லை. மக்கள் தனித்தனிப் பகுதிகளில் குடியிருந்தார்கள். பள்ளி வீட்டுக்குப் பக்கத்தில் என்பதால் பள்ளிகளும் தனித்தனியாகவே இருந்தன. பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி வேறு பகுதிப் பள்ளிக்குக் கட்டாயமாக அனுப்பினால் பல ஊர்களில் பெரிய சண்டை வந்தது.

அதற்கு மாற்றாக ஒரு யோசனை பிறந்தது. கட்டாயப்படுத்த வேண்டாம், ஒரு பள்ளியை ரொம்ப நல்ல பள்ளியாக்கிவிடுவோம், எல்லாப் பகுதிப் பெற்றோரும் தாங்களே தேடி வரட்டும். 1968இல் வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரில் மெக்கார்வர் தொடக்கப் பள்ளி இப்படித் தொடங்கியது. அமெரிக்காவின் முதல் மேக்னட் பள்ளி என்று அதைத்தான் சொல்வார்கள். அடுத்த ஆண்டு பாஸ்டன் நகரில் இன்னொன்று வந்தது.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: எல்லோரையும் ஒன்றுசேர்ப்பதற்காக வந்த திட்டம் இது. இன்றும் பெரும்பாலான மேக்னட் பள்ளிகளில் நுழைவுத் தேர்வு இல்லை. விண்ணப்பங்கள் அதிகமானால் குலுக்கல்தான். கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு பகுதியில், 1996இல் வந்த ஒரு நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து, நகரப் பிள்ளைகளும் புறநகர்ப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் மேக்னட் பள்ளிகளைத் திறந்து குலுக்கல் முறையில் இடம் கொடுத்தார்கள்.

ஆனால் ஒரு பகுதிப் பள்ளிகள் வேறு வழியில் போயின. "இது கடினமான பாடத்திட்டம், தகுதியான பிள்ளைகளுக்கு மட்டும்" என்று தேர்வு, மதிப்பெண், பரிந்துரைக் கடிதம் எல்லாம் வைத்தன. சிக்கல் தொடங்கியது அங்கேதான்.

2. முதல் வழி: ஒரே தேர்வு, ஒரே மதிப்பெண்

நியூயார்க் நகரத்தில் தேர்வு வைத்து மாணவர்களைச் சேர்க்கும் எட்டு சிறப்பு உயர்நிலைப் பள்ளிகள் உண்டு. ஸ்டைவசன்ட், பிராங்க்ஸ் சயின்ஸ், புரூக்ளின் டெக் ஆகியவை அவற்றில் புகழ்பெற்றவை. 1971இல் மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டம், இந்த வகைப் பள்ளிகளில் சேர நுழைவுத் தேர்வு கட்டாயம் என்று சொல்கிறது. ஒவ்வோர் ஆண்டும் இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட எட்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதுகிறார்கள். இடம் கிடைப்பது சுமார் நாலாயிரம் பேருக்கு.

முறை எளிமையானது. எல்லோரையும் மதிப்பெண் வரிசையில் நிறுத்துவார்கள். முதலில் நிற்பவர் கேட்ட பள்ளி அவருக்கு. அடுத்தவர் கேட்ட பள்ளியில் இடம் இருந்தால் அவருக்கு. இடம் தீரும்வரை இப்படியே போகும். பள்ளி மதிப்பெண், ஆசிரியரின் கருத்து, நேர்முகத் தேர்வு எதுவும் கணக்கில் வராது.

இதில் என்ன நல்லது? சிபாரிசு நுழைய வாசல் இல்லை. அப்பா யார், அம்மா யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். நியூயார்க்கில் ஹோட்டல், கடை, டாக்ஸி வேலை பார்க்கும் குடியேறிய குடும்பங்கள் பல, இந்தத் தேர்வை நம்பித்தான் பிள்ளைகளை வளர்க்கின்றன. அங்கே இடம் பெறும் ஆசிய வம்சாவளி மாணவர்களில் கணிசமானோர் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். "தேர்வை எடுத்துட்டா எங்களுக்கு வேற என்ன வழி இருக்கு?" என்று அந்தப் பெற்றோர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

மறுபக்கத்தையும் பார்ப்போம். 2019இல் ஸ்டைவசன்ட் பள்ளி 895 பேருக்கு இடம் கொடுத்தது. அதில் கறுப்பின மாணவர்கள் 7 பேர். நகரத்து அரசுப் பள்ளி மாணவர்களில் கறுப்பின, லத்தீன் வம்சாவளிப் பிள்ளைகள் சேர்ந்து ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இருக்கும்போது இந்த நிலை. தேர்வு ஒன்றுதான், ஆனால் தேர்வுக்கு முந்தைய மூன்று ஆண்டுகள் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. சிலருக்கு ஐந்தாம் வகுப்பிலிருந்தே கோச்சிங் கிடைக்கிறது. சிலருடைய பள்ளியில் இப்படி ஒரு தேர்வு இருப்பதையே யாரும் சொல்வதில்லை.

2018இல் அப்போதைய மேயர் பில் டி பிளாசியோ, தேர்வைக் கைவிட்டு, ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலிருந்தும் முதல் 7 சதவீத மாணவர்களுக்கு இடம் தரலாம் என்று முன்மொழிந்தார். மாநிலச் சட்டமன்றத்தில் அது நிறைவேறவில்லை. தேர்வு இன்றும் தொடர்கிறது. கட்-ஆஃபுக்குச் சற்றுக் கீழே வந்த ஏழை மாணவர்களுக்குக் கோடை வகுப்பு நடத்தி இடம் தரும் 'டிஸ்கவரி' திட்டத்தைத்தான் நகரம் விரிவாக்கியது.

3. இரண்டாம் வழி: குடியிருக்கும் இடத்தையும் சேர்த்துப் பார்ப்பது

சிகாகோ நகரம் வேறு மாதிரி கணக்குப் போட்டது. அங்கே முன்பு மாணவரின் இனத்தையும் பார்த்தே இடம் கொடுத்தார்கள். 2007இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சியாட்டில், லூயிவில் நகரங்களின் வழக்கில், தனிப்பட்ட ஒரு பிள்ளையின் இனத்தைப் பார்த்து அரசுப் பள்ளியில் இடம் தருவதற்கும் மறுப்பதற்கும் கடுமையான தடை போட்டது. 2009இல் சிகாகோவின் பழைய நீதிமன்ற ஏற்பாடும் முடிவுக்கு வந்தது. அதன்பின் வந்ததுதான் 'அடுக்கு' முறை.

நகரத்தின் ஒவ்வொரு சிறு வட்டாரத்தையும் எடுத்து, அங்கே குடும்ப வருமானம் எவ்வளவு, பெரியவர்கள் எதுவரை படித்திருக்கிறார்கள், சொந்த வீடு எத்தனை பேருக்கு, தனி ஆளாகப் பிள்ளை வளர்ப்போர் எத்தனை பேர், வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழி பேசுவோர் எவ்வளவு, அந்தப் பகுதிப் பள்ளிகள் எப்படி என்று பார்ப்பார்கள். அதை வைத்து வட்டாரங்களை நான்கு அடுக்காகப் பிரிப்பார்கள்.

அப்புறம் இடங்களைப் பங்கிடுவார்கள். 30 சதவீத இடம், யார் எங்கே குடியிருந்தாலும், மதிப்பெண் வரிசைப்படி மட்டுமே. மீதி 70 சதவீதம் நான்கு அடுக்குக்கும் சமமாகப் பிரியும். ஒவ்வோர் அடுக்குக்குள்ளும் மறுபடி மதிப்பெண் வரிசைதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு பள்ளியில் 200 இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 சதவீதம் என்றால் 60 இடம் பொதுவில் போகும். மீதி 140. அதை நான்கால் வகுத்தால் அடுக்குக்கு 35. வசதியான வட்டாரத்துப் பிள்ளை, முதல் 60க்குள் வரவில்லை என்றால், தன் அடுக்கின் 35 இடத்துக்குத் தன் வட்டாரம் போன்ற இடங்களில் இருக்கும் பிள்ளைகளோடுதான் போட்டி போட வேண்டும். எளிய வட்டாரத்துப் பிள்ளைக்கும் அதே விதி. ஆகவே ஒரே பள்ளிக்கு அடுக்குக்கு ஒரு கட்-ஆஃப் வரும்.

இதன் பலம், இனத்தையோ பெயரையோ பார்க்காமல் வாழ்க்கைச் சூழலைப் பார்ப்பது. பலவீனமும் அதிலேயே இருக்கிறது. கணக்கு வட்டாரத்துக்குத்தான், வீட்டுக்கு இல்லை. வசதியான தெருவில் மாடி அறை ஒன்றில் வாடகைக்கு இருக்கும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை, 'வசதி' அடுக்கில் விழும். எளிய பகுதியில் புதுசா வீடு கட்டிக் குடிவந்த டாக்டரின் பிள்ளைக்கு எளிய அடுக்கின் சலுகை கிடைக்கும். இரண்டும் விதிப்படி சரி. ஆனால் மனதுக்கு உறுத்தும்.

பாஸ்டன் நகரமும் தன் மூன்று தேர்வுப் பள்ளிகளுக்கு இதே போக்கில் முறையை மாற்றியது. அவற்றில் ஒன்றான பாஸ்டன் லத்தீன் பள்ளி 1635இல் தொடங்கியது. 2021 சேர்க்கைக்கு அஞ்சல் குறியீட்டுப் பகுதி வாரியாக இடம் பிரித்தார்கள். பெற்றோர் தொடுத்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023இல் நகரத்தின் பக்கம் நின்றது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை விசாரிக்க மறுத்துவிட்டது.

4. மூன்றாம் வழி: ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பங்கு

இந்தப் பாடத்தின் மையம் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

வர்ஜீனியா மாநிலத்தின் ஃபேர்ஃபேக்ஸ் மாவட்டத்தில் தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. 1985இல் தொடங்கியது. சுருக்கமாக 'டி.ஜே.' என்பார்கள். நாட்டின் மிகச் சிறந்த அரசு உயர்நிலைப் பள்ளிகளின் பட்டியலில் பல முறை முதலிடம் பிடித்தது. இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் நிறைய வாழும் பகுதி அது. அந்தப் பள்ளியில் ஓர் இடம் என்பது பல வீடுகளில் வருஷக்கணக்கான கனவு.

2020 வரை அங்கே சேர நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 100 டாலர். இடம் பெற்றவர்களில் பெரும்பாலோர் ஒரு சில நடுநிலைப் பள்ளிகளிலிருந்தே வந்தார்கள். பல பள்ளிகளிலிருந்து ஒருவர்கூட வரவில்லை.

2020 டிசம்பரில் கல்வி வாரியம் புதிய முறையைக் கொண்டுவந்தது:

- நுழைவுத் தேர்வும் கட்டணமும் ரத்து.
- ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும், அதன் எட்டாம் வகுப்பு மாணவர் எண்ணிக்கையில் 1.5 சதவீத இடம் உறுதி. எட்டாம் வகுப்பில் 400 பேர் இருந்தால் 6 இடம்.
- பள்ளி மதிப்பெண் சராசரி, 4க்கு குறைந்தது 3.5 இருக்க வேண்டும். கட்டுரை ஒன்றும், தன்னைப் பற்றிய குறிப்பு ஒன்றும் எழுத வேண்டும்.
- இலவச அல்லது சலுகை விலை உணவுக்குத் தகுதி பெற்றவர், ஆங்கிலம் புதிதாகக் கற்பவர், சிறப்புக் கல்வி பெறுபவர், இதுவரை அதிகம் இடம் கிடைக்காத பள்ளியில் படிப்பவர் ஆகியோருக்குக் கூடுதல் புள்ளி.
- விண்ணப்பத்தை மதிப்பிடுவோருக்கு மாணவரின் பெயர், இனம், பாலினம் தெரியாது.
- மொத்த இடமும் சுமார் 480இலிருந்து 550 ஆனது.

முடிவு வந்தது. பழைய முறையின் கடைசி ஆண்டில் இடம் பெற்ற 486 பேரில் பொருளாதாரத்தில் பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகள் 0.62 சதவீதம். அதாவது மூன்றே பேர். புதிய முறையின் முதல் ஆண்டில் 550 பேரில் 25.09 சதவீதம், அதாவது 138 பேர். மாவட்டத்தின் எல்லா அரசு நடுநிலைப் பள்ளிகளிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். இடம் பெற்றவர்களின் சராசரி மதிப்பெண் 3.95 அளவிலேயே இருந்தது.

இன்னொரு எண்ணும் இருக்கிறது. ஆசிய வம்சாவளி மாணவர்களின் பங்கு 73 சதவீதத்திலிருந்து 54.36 சதவீதமாக இறங்கியது. எண்ணிக்கையில் சொன்னால் சுமார் 355 பேர், 299 பேரானார்கள். மொத்த இடம் கூடியபோதே இது நடந்தது. "எங்க பிள்ளைங்க எண்ணிக்கையைக் குறைக்கணும்னே இந்த விதியைப் போட்டாங்க" என்று சொல்லி ஒரு பெற்றோர் அமைப்பு நீதிமன்றம் போனது.

5. ஒரே எண்கள், இரண்டு தீர்ப்புகள்

2022 பிப்ரவரியில் மாவட்ட நீதிமன்றம் பெற்றோருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2023 மேயில் மேல்முறையீட்டு நீதிமன்றம், இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அதை மாற்றிக் கல்வி வாரியத்துக்குச் சாதகமாகச் சொன்னது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. நீதிபதிகள் அலிட்டோவும் தாமஸும் அந்த மறுப்பை ஏற்காமல் தனியே எழுதினார்கள். புதிய முறை நிலைத்தது.

எண்கள் ஒன்றேதான். தீர்ப்பு மட்டும் எப்படி மாறியது? எதோடு எதை ஒப்பிடுவது என்பதில் வந்த வேறுபாடு இது.

மாவட்ட நீதிமன்றம் 'முன்பு, பின்பு' என்று ஒப்பிட்டது. முன்பு 73, இப்போது 54. குறைந்திருக்கிறது, ஆகவே பாதிப்பு இருக்கிறது.

மேல்முறையீட்டு நீதிமன்றம் 'கேட்டவர், பெற்றவர்' என்று ஒப்பிட்டது. புதிய முறையின் முதல் ஆண்டில் விண்ணப்பித்தவர்களில் ஆசிய வம்சாவளி மாணவர்கள் 48.59 சதவீதம். இடம் பெற்றவர்களில் 54.36 சதவீதம். கேட்ட பங்கைவிடப் பெற்ற பங்கு அதிகம். ஆகவே பாதிப்பு என்று சொல்ல முடியாது.

இரண்டு ஒப்பீட்டிலும் கணக்குப் பிழை இல்லை. இந்த இடத்தில்தான் நாம் கவனமாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு சதவீதம் சுற்றி வரும்போது, "இது எதோடு ஒப்பிட்ட எண்?" என்று கேட்காமல் கோபப்படவும் கூடாது, கொண்டாடவும் கூடாது. போன வருஷத்தோடா? விண்ணப்பித்தவர்களோடா? மாவட்டத்து மொத்தப் பிள்ளைகளோடா? அடிப்படை மாறினால் அதே எண் வேறு கதை சொல்லும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. புதிதாக இடம் கிடைத்த ஏழைப் பிள்ளைகளும் உண்மை. ஆறாம் வகுப்பிலிருந்து உழைத்து, கடைசி ஆண்டில் விதி மாறியதால் இடம் தவறிய பிள்ளைகளும் உண்மை. இருவருக்கும் வயது பதின்மூன்று, பதினான்குதான். எந்த விதியையும் அவர்கள் எழுதவில்லை.

6. விண்ணப்பிக்காத பிள்ளையை யார் பார்ப்பது?

இதுவரை பேசியது எல்லாம் விண்ணப்பித்தவர்களைப் பற்றி. விண்ணப்பமே போடாத பிள்ளை?

சிறப்புத் திட்டங்களில் சேர்க்கை பல இடங்களில் பெற்றோர் கேட்டால், அல்லது ஆசிரியர் பரிந்துரைத்தால் மட்டுமே தொடங்கும். விவரம் தெரிந்த பெற்றோர் கேட்பார்கள். இரண்டு ஷிப்ட் வேலை பார்க்கும் அம்மாவுக்குக் கடைசித் தேதி போன பிறகுதான் செய்தி வரும்.

புளோரிடா மாநிலத்தின் ஒரு பெரிய பள்ளி மாவட்டம், 2005இல் இதை மாற்றியது. இரண்டாம் வகுப்பில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், பள்ளியிலேயே ஒரு திறனறித் தேர்வு நடத்தினார்கள். டேவிட் கார்டு, லாரா ஜூலியானோ என்ற பொருளாதார அறிஞர்கள் இருவர் இதை ஆராய்ந்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். ஏழைப் பிள்ளைகளும், கறுப்பின, லத்தீன் வம்சாவளிப் பிள்ளைகளும் சிறப்புத் திட்டத்துக்கு முன்பைவிட மிக அதிகமாகத் தேர்வானார்கள். தகுதி அளவுகோலை இறக்கவில்லை. எல்லோரையும் பார்த்தார்கள், அவ்வளவுதான். பின்னால் நிதி இல்லாமல் அந்தப் பொதுத் தேர்வு நின்றபோது, கிடைத்த முன்னேற்றமும் கரைந்துபோனது.

நியாயத்தின் முதல் படி, விதி எழுதுவதற்கு முன்பே தொடங்குகிறது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

7. இடம் கிடைக்கலைன்னா வாழ்க்கை போச்சா?

பெற்றோருக்கு இது ரொம்ப முக்கியம். பாஸ்டன், நியூயார்க் தேர்வுப் பள்ளிகளைப் பற்றி அப்துல்காதிரோக்ளு, ஆங்ரிஸ்ட், பதக் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கட்-ஆஃபுக்குச் சற்று மேலே வந்து இடம் பெற்றவர்களையும், சற்றுக் கீழே வந்து இடம் தவறியவர்களையும் ஒப்பிட்டார்கள். ஒரு மதிப்பெண், அரை மதிப்பெண் வித்தியாசம் உள்ள பிள்ளைகள். பிந்தைய தேர்வுகளில் இரு தரப்பின் மதிப்பெண்களிலும் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

இதற்கு 'அந்தப் பள்ளிகளால் பயனே இல்லை' என்று பொருள் கொள்ளக் கூடாது. நல்ல ஆய்வகம், கடினமான பாடம், ஆர்வமுள்ள நண்பர்கள் என்பதற்கெல்லாம் மதிப்பு உண்டு. மதிப்பெண்ணில் தெரியாத பலனும் இருக்கலாம். ஆனால் கட்-ஆஃப் கோட்டுக்கு ஓர் அடி கீழே நின்ற பிள்ளை திறமை குறைந்த பிள்ளை இல்லை. இதை வீட்டில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

8. நம் மாநிலத்துக்கு இது புதிதா?

இதே கேள்வியைத் தமிழ்நாடும் கேட்டிருக்கிறது. பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கு முன்பு மாநில அளவில் பொது நுழைவுத் தேர்வு இருந்தது. கோச்சிங் வசதி இல்லாத கிராமப்புற மாணவர்களுக்கு அது பாதகமாக இருக்கிறது என்ற காரணத்தால், 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அது கைவிடப்பட்டு, பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கை நடந்தது. 2020இல், 6ஆம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்வில் தகுதி பெற்றவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீதம் விரிவானது. மருத்துவப் படிப்புக்கான சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் உறுதி செய்தது.

பாருங்கள், டி.ஜே. பள்ளியில் '1.5 சதவீதம்' கேட்ட கேள்வியும், இங்கே '7.5 சதவீதம்' கேட்ட கேள்வியும் உறவுக்காரர்கள். படித்த பள்ளியின் வசதியைக் கணக்கில் எடுக்காமல் மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் போதுமா என்பதே அந்தக் கேள்வி.

9. எந்தச் சேர்க்கை அறிவிப்பையும் படிக்கும்போது கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. விதி முன்கூட்டியே தெரியுமா? பாதி வழியில் மாறினால், ஏற்கெனவே தயாரானவர்களுக்கு என்ன ஏற்பாடு?
2. செய்தி எல்லோருக்கும் போய்ச் சேர்ந்ததா? இணையதளத்தில் போட்டது மட்டுமா, பள்ளியிலும் சொன்னார்களா?
3. பணம் எங்கெல்லாம் நுழைகிறது? விண்ணப்பக் கட்டணம், கோச்சிங், பயணச் செலவு எல்லாம் கணக்குதான்.
4. அளவுகோல், படிக்கப்போகும் பாடத்துக்குத் தேவையானதைத்தான் அளக்கிறதா?
5. மதிப்பிடுபவருக்குப் பிள்ளையின் பெயரும் குடும்பமும் தெரியுமா, மறைக்கப்பட்டிருக்கிறதா?
6. முடிவை வெளியிடுகிறார்களா? கேட்டவர் எத்தனை, பெற்றவர் எத்தனை, எந்தெந்தப் பள்ளியிலிருந்து?

ஆறாவது கேள்விக்கு நம் கையில் ஒரு கருவி இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. அரசு நிறுவனம் நடத்தும் சேர்க்கையில் விண்ணப்பித்தவர் எண்ணிக்கை, இறுதி கட்-ஆஃப், பின்பற்றிய விதி போன்ற விவரங்களை எழுதிக் கேட்கலாம். பொதுவாக 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தேர்வு எழுதியவர் தன் விடைத்தாளைப் பார்க்க இந்தச் சட்டத்தின்கீழ் உரிமை உண்டு என்று நம் உச்ச நீதிமன்றம் 2011இல் சொல்லியிருக்கிறது. சந்தேகத்தை ஸ்டேட்டஸில் போடுவதற்கு முன் ஒரு மனு போடுங்க. பதில் உங்களுக்கு மட்டுமின்றி அடுத்த ஆண்டு வரும் பிள்ளைக்கும் உதவும்.

10. பயிற்சி: நீங்களே செய்து பாருங்கள்

கேள்வி 1: அடுக்கு முறையில் ஒரு பள்ளிக்கு 240 இடம். 30 சதவீதம் பொது, மீதி நான்கு அடுக்குக்கும் சமம். ஓர் அடுக்குக்கு எத்தனை இடம்?

கேள்வி 2: ஒரு நடுநிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்பில் 600 பேர். 1.5 சதவீத முறையில் உறுதியான இடம் எத்தனை?

கேள்வி 3: ஒரு ஊர்ப் பிள்ளைகள் போன ஆண்டு இடங்களில் 40 சதவீதம் பெற்றார்கள். இந்த ஆண்டு 30 சதவீதம். இந்த ஆண்டு விண்ணப்பித்தவர்களில் அவர்கள் 25 சதவீதம். அவர்களுக்கு அநியாயம் நடந்ததா?

விடைகள்: முதல் கேள்விக்கு, பொதுவில் 72 போக மீதி 168, அடுக்குக்கு 42. இரண்டாவதுக்கு 9. மூன்றாவதுக்கு, போன ஆண்டோடு ஒப்பிட்டால் குறைவு, விண்ணப்பித்த பங்கோடு ஒப்பிட்டால் அதிகம். இவ்வளவு விவரத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது. விதி ஏன் மாறியது, போன ஆண்டு விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். 'தெரியாது, இன்னும் விவரம் வேணும்' என்று நீங்கள் எழுதியிருந்தால் முழு மதிப்பெண்.

மூன்றாவது கேள்வியை வீட்டில் பெரியவர்களிடமும் பிள்ளைகளிடமும் கேட்டுப் பாருங்கள். இரண்டு பேருக்கு இரண்டு பதில் வரும். ஒவ்வொருவரும் எதோடு ஒப்பிட்டார்கள் என்று சொல்லச் சொல்லுங்கள். பேச்சு அங்கிருந்து நல்லபடியாகப் போகும்.